உட்கார்ந்து சாப்பிடவும்

புதன்கிழமை கிளினிக்கில் என் மேசைக்கு
மூன்று கால்கள்தான் சரி.
நாலாவதன் கீழே
எட்டாய் மடித்து வைத்திருப்பது
எங்கிருந்தோ வந்த சுவரொட்டி ஒன்று:
ஒரு தட்டு, அதில் சால்மன் மீன்,
புரொக்கலி, பாதாம் ஆறு.
இதுவரை அது தாங்கியது
இந்த மேசையை மட்டும்.

சத்யகலா வந்தபோது மணி பத்தரை.
புறக்கோட்டையில் புடவைக்கடை,
இரண்டாம் மாடி, பட்டுப் பிரிவு.
கோப்பைத் திறந்தேன்.
முதல் பக்கம்: எடை குறைக்க வேண்டும்.
அடுத்தது: நாலு கிலோ குறைவு. நன்று.
அதற்கடுத்தது: பதினொன்று. மிக நன்று.
எழுத்து என்னுடையது.

எப்படிக் குறைந்தது என்று
ஒருவரும் கேட்டிருக்கவில்லை.
இப்போதும் பருத்த பெண்தான் அவள்;
பருத்த பெண் பட்டினி கிடப்பாள் என்று
யாருக்குத் தோன்றும்?
கையெழுத்திட அவள் பேனாவை எடுத்தபோதுதான் கண்டேன்,
விரல் மொழியில்
பல் பட்டுப் பட்டுக் காய்த்த தழும்பை.

"எல்லாருக்கும் ஒரே அளவு ஜாக்கெட் மிஸ்.
வீடியோவுக்கு நிக்கிற புள்ளைங்க
ஹேங்கர் மாதிரி இருக்கணுமாம்,
முதலாளி மகன் சொல்றாரு."
சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை.
சிரித்தேன்.

மாலை ஆறுக்குக் கறுவாத்தோட்டத்தில்
எனக்கு இன்னொரு மேசை.
அதற்கு நாலு காலும் சரி.
அங்கே வரும் பிள்ளைக்குப் பதினைந்து வயது,
இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா,
வாசலில் வாகனம்.
அவள் துயரத்தில் பொய் இல்லை,
தட்டைக் கண்டு அவள் நடுங்குவதை நான் பார்த்தவள்.
ஆனால் அதே விரல். அதே தழும்பு.
அங்கே அதற்கு நோய் என்று பெயர்.
காலையில் நான் அதற்கு
மிக நன்று போட்டிருந்தேன்.

கலோரி அட்டவணையை லாச்சிக்குள் தள்ளிவிட்டுக் கேட்டேன்:
கடைசியாய் எப்போது உட்கார்ந்து சாப்பிட்டாய்?

வெகுநேரம் யோசித்தாள்.
கொட்டாஞ்சேனை அறையில் நாலு பேர், ஒரு குக்கர்;
அங்கே உட்கார்ந்தால் தூக்கம்தான்.
பொகவந்தலாவையில் கூரைத் தகரம் பாக்கி.
கடையில் உட்கார்ந்தால் ஐந்நூறு ரூபா வெட்டு.
"கரண்ட் போச்சே ஒரு நாளு, அன்னிக்கு மிஸ்.
கடையெல்லாம் இருட்டு. கஸ்டமர் இல்ல.
துணிக்கட்டுக்கு நடுவுல எல்லாரும் குந்தி
பார்சலைப் பிரிச்சோம்.
ரிஸ்மியா கருவாடு கொண்டாந்திருந்தா.
யாருது யாரு தின்னாங்கன்னே தெரியல."
கொஞ்சம் பொறுத்து,
"அன்னிக்கு வாந்தி எடுக்கல."

மருந்துச் சீட்டில் எழுதினேன்:
நாற்காலி, ஒன்று.
அரை மணி நேரம், நாளுக்கு இரு தடவை.
ஜாக்கெட், அவளுடைய அளவில்.
தராசு, இப்போதைக்கு வேண்டாம்.
மனநலப் பிரிவுக்கும் ஒரு துண்டு, அவசரம் என்று.

"உங்கள் வேலை தட்டோடு முடிகிறது" என்றார் பெரிய டொக்டர்.
கையெழுத்திடவில்லை.
நான் இட்டேன்.
என் பெயருக்கு மதிப்பில்லை,
முத்திரைக்குக் கொஞ்சம் உண்டு.
கோப்பில் இரண்டு இடத்தில் வெட்டி
ஓரத்தில் எழுதினேன்: பிழை என்னுடையது.

பதினைந்து நாள் கழித்து வந்தாள்.
நாற்காலி வந்ததாம்.
அதில் கஸ்டமர் உட்காருகிறார்களாம்.
இந்தக் கிழமை நாலு தரம் வாந்தி,
அதில் ஒன்று இன்று காலை.
மறைக்காமல் சொன்னாள்.
மனநலப் பிரிவில்
சீட்டுக்கு ஆறு வாரம்.

பிறகு, கதவைப் பார்த்துக்கொண்டு,
"ரெண்டு மணிக்குப் பட்டுப் பிரிவுல
பியூஸ் போகுது மிஸ்."

தினமுமா?

"போயாவுக்கு முந்தின நாள் போகல, சரியான சனம்.
மத்தபடி போகுது.
நேத்து கரண்ட் பாஸைக் கூப்பிட்டாங்க.
அவருக்கும் ஒரு பார்சல்
வாங்கி வச்சிருந்தோம்."